சசூர் எங்கே படித்தார், எங்கே பாடம் எடுத்தார், ஏன் எழுதவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறிப்பான் (சொல்லின் ஒலிவடிவம்), குறிப்பீடு (அது தரும் கருத்து), அமைப்பியல் (எதையும் அமைப்புக்குள் அதற்குள்ள உறவுகளை வைத்து விளக்கும் பார்வை) என்று பேச்சு எழுந்தாலே சசூர் பெயர் வந்துவிடும். ஆனால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பலருக்கும் குழப்பம்தான். மொழியியல் படிப்பவர்கள், இலக்கியக் கோட்பாடு வழியாக வந்தவர்கள் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன.

சசூர் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஃபெர்டினான்ட் டி சசூர், சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் 1857 நவம்பர் 26ஆம் தேதி பிறந்தவர், 1913 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்தவர். தொழில் என்று பார்த்தால் சமஸ்கிருதமும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் (சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் எல்லாம் சேர்ந்த மொழிக்குடும்பம்) ஒப்பிலக்கணமும் கற்பித்த பேராசிரியர். இன்று அவரை நாம் நினைப்பது 'பொது மொழியியல் பாடங்கள்' என்ற புத்தகத்துக்காக. அது அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1916இல் வந்தது.

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

சசூரா, சொசூரா, சாசரேவா?

பிரெஞ்சு உச்சரிப்புக்கு 'சொசூர்' கொஞ்சம் நெருக்கம். தமிழில் 'சசூர்' நிலைத்துவிட்டது, அதையே எழுதலாம். சாசரே வேண்டாம்.

வீட்டில் எல்லாரும் அறிவியல் ஆட்கள் என்கிறார்களே, இவர் மட்டும் எப்படி மொழிப் பக்கம் வந்தார்?

உண்மைதான். கொள்ளுத்தாத்தா ஒராஸ்-பெனெடிக்ட் டி சசூர் புகழ்பெற்ற இயற்கையியலாளர், 1787இல் மோன் பிளாங் சிகரம் ஏறி அங்கே அளவீடுகள் எடுத்தவர். அப்பா ஆன்ரி பூச்சியியல் அறிஞர். ஃபெர்டினான்டும் 1875இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது வீட்டு வழக்கப்படி இயற்பியல், வேதியியல் வகுப்புகளுக்குத்தான் போனார். ஒரு வருடத்தில் அதை விட்டுவிட்டு 1876இல் ஜெர்மனியின் லீப்சிக் நகருக்குப் போய்விட்டார்.

ஆனால் மொழி ஆசை அதற்கு முன்பே பிடித்துக்கொண்டிருந்தது. குடும்ப நண்பரான அடோல்ஃப் பிக்டே என்ற முதியவர் மொழி ஆராய்ச்சியாளர், அவருக்கு இந்தப் பையன் பள்ளி வயதிலேயே ஒரு கட்டுரை எழுதி அனுப்பினான். கிரேக்க, லத்தீன், ஜெர்மன் சொற்களையெல்லாம் சில வேர்களுக்குள் அடக்கிவிடலாம் என்று காட்டும் முயற்சி அது. பெரியவர் அன்பாகவே பதில் எழுதி, இவ்வளவு பெரிய திட்டங்கள் இப்போது வேண்டாம் என்று சொன்னாராம். பள்ளியில் ஹெரோடோட்டஸ் படிக்கும்போது ஒரு கிரேக்க வினைவடிவத்தைப் பார்த்து, இங்கே இருக்கும் 'அ' உண்மையில் பழைய 'ன்' என்று பையன் தானாகவே கண்டுபிடித்திருக்கிறான். லீப்சிக் போனால், அதே விஷயத்தை ப்ருக்மான் என்ற மொழியியலாளர் அப்போதுதான் வெளியிட்டிருந்தார், எல்லாரும் அதைப் பெரிய கண்டுபிடிப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று இவர் அதுவரை நினைத்திருந்தார்!

21 வயதில் புத்தகம் எழுதினாராமே, அப்படி என்ன இருந்தது அதில்?

என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் எல்லாரும் தாண்டிப் போய்விடும், தாண்டவே கூடாத இடம் இதுதான். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் ஆதி உயிரெழுத்து அமைப்பைப் பற்றிய ஆய்வு, சுமார் 300 பக்கம். அட்டையில் 1879 என்றிருக்கும், ஆனால் 1878 டிசம்பரிலேயே லீப்சிக்கில் அச்சாகிவிட்டது. அப்போது அவருக்கு 21 முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, டாக்டர் பட்டம்கூட வாங்கவில்லை.

நமக்குத் தெரிந்த சொற்களை வைத்தே விளக்கிவிடலாம். ஸ்தானம், ஸ்திதி இரண்டும் நமக்குப் பழக்கம், இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஒன்றில் நெடில் ஆ, இன்னொன்றில் இ. ஏன் இப்படி மாறுகிறது? மற்ற வேர்களிலெல்லாம் ஒரு உயிர் இருக்கும், சில வடிவங்களில் அந்த உயிர் விழுந்துவிடும், பக்கத்திலுள்ள ஒலி மட்டும் மிஞ்சும். இது ஒழுங்கான முறை. அப்படியானால் இந்த வேரும் அதே முறைக்குள்தான் இருந்திருக்க வேண்டும், அதாவது அந்த நெடில் ஒரே ஒலியல்ல, ஒரு உயிரும் அதற்குப் பிறகு வந்து பின்னால் மறைந்துபோன இன்னொரு ஒலியும் சேர்ந்தது, உயிர் விழுந்த இடத்தில் அந்த மறைந்த ஒலிதான் இ ஆகத் தெரிகிறது என்றார் சசூர். அந்த ஒலி எப்படிக் கேட்கும் என்று அவர் சொல்லவில்லை, எந்த மொழியிலும் அது இல்லை. அமைப்பில் ஒரு காலி இடம் இருக்கிறது, அங்கே ஏதோ இருந்தாக வேண்டும் என்ற ஒரே நியாயத்தை வைத்துச் சொன்னார்.

பலர் நம்பவில்லை. அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1915இல், துருக்கியில் கிடைத்த களிமண் பலகைகளின் ஹித்தைத் மொழி இந்தோ-ஐரோப்பிய மொழிதான் என்று செக் அறிஞர் ஹ்ரோஸ்னி காட்டினார். 1927இல் போலந்து அறிஞர் குரிலோவிச், அந்த மொழியில் எழுதப்பட்டிருக்கும் ஒரு தொண்டை ஒலி, சசூர் சொன்ன காலி இடங்களில் சரியாக வந்து உட்காருவதைக் கண்டார். கிரேக்கத்தில் 'அன்டி' என்று உயிரில் தொடங்கும் சொல் ஹித்தைத்தில் 'ஹன்டி'. அந்த முதல் ஹகரம்தான் சசூரின் மறைந்த ஒலிகளில் ஒன்று. 48 ஆண்டு கழித்து வந்த சாட்சி, பார்க்க அவர் இல்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும்: அவை தொண்டை மெய்கள் என்பது சசூருடைய கருத்தல்ல, டென்மார்க்கில் பிறந்த ஹெர்மன் மோலர் பிற்பாடு சேர்த்தது.

அப்புறம் பிஎச்டி எதில் செய்தார்?

சமஸ்கிருதத்தில் ஆறாம் வேற்றுமை தனித்தொடராக வரும் பயன்பாட்டைப் பற்றி, லீப்சிக்கில், 1880இல், மிக உயர்ந்த தகுதியோடு. தலைப்பு சிறியதாகத் தெரியும். "அவன் அழ அழ இவன் துறவு போனான்" என்பது போன்ற வாக்கியத்தில், அந்த அழுகையைப் பொருட்படுத்தாமல் என்ற பொருள் ஆறாம் வேற்றுமையால் வருகிறது. பாணினியே இதற்குச் சூத்திரம் வைத்திருக்கிறார். சசூர் நூல்களிலிருந்து உதாரணங்களைத் திரட்டி அந்தப் பயன்பாட்டின் எல்லை எது என்று பார்த்தார்.

லீப்சிக் பேராசிரியர் ஒருவர் இவரைப் பார்த்து, "அந்த உயிரெழுத்துப் புத்தகம் எழுதிய பெரிய சசூருக்கு நீங்கள் உறவா?" என்று கேட்டதாக ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, 22 வயதுக்காரர் எந்த நிலையில் இருந்தார் என்பதற்குப் பொருத்தமான கதை.

பாரிசில் என்ன பாடம் நடத்தினார்? மொழிக் கோட்பாடா?

இல்லை. 1881இலிருந்து 1891 வரை பாரிசின் உயர் ஆய்வுப் பள்ளியில் ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்தபோது வயது 24கூட நிறையவில்லை, அங்கே கற்பித்துவந்த மொழியியலாளர் மிஷேல் ப்ரெயால் தன் வகுப்பை விட்டுக்கொடுத்து இவரை உட்கார வைத்தார். கற்பித்தது கோதிக் (ஒரு பழைய ஜெர்மானிய மொழி), பழைய உயர் ஜெர்மன், பிற்பாடு கிரேக்க லத்தீன் ஒப்பிலக்கணம், லித்துவேனியன். அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களில் அந்துவான் மெய்யே, மோரிஸ் க்ராமோன் போன்றவர்கள் உண்டு. அடுத்த தலைமுறை பிரெஞ்சு மொழியியலைத் தூக்கி நிறுத்தியவர்கள் இவர்கள்தான். சசூரின் உடனடிச் செல்வாக்கு எங்கே என்று கேட்டால், அச்சில் தேடாமல் இந்த மாணவர்களிடம் தேடவேண்டும் என்பேன்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஏன் ஜெனீவாவுக்குத் திரும்பினார்?

பாரிசில் உயர்ந்த பேராசிரியர் பதவிக்குப் போக பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தாக வேண்டும், அது அவருக்கு விருப்பமில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஊர்ப்பற்றும் குடும்பமும் இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு போகவில்லை என்பது மட்டும் நிச்சயம், கிளம்பும்போது பிரெஞ்சு அரசு லெஜியோன் தொனர் விருது கொடுத்துத்தான் அனுப்பியது. ஜெனீவாவில் 1891இல் அவருக்கென்றே ஒரு பதவி உண்டாக்கினார்கள், 1896இல் முழுப் பேராசிரியர் ஆனார்.

அதற்குப் பிறகு இருபது வருடம் சும்மா இருந்தாரா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். வருடா வருடம் சமஸ்கிருதம் கற்பித்தவர், கிரேக்கம், லத்தீன், கோதிக் என்று மாற்றி மாற்றி வகுப்பெடுத்தவர், ஜெர்மன் நிபெலுங்கன் கதைமரபில் மூழ்கிக் குறிப்புகள் எழுதியவர். 1894இல் ஜெனீவாவில் கீழைத்தேயவியலாளர்களின் உலக மாநாடு நடந்தபோது செயலராக இருந்தார், அங்கே லித்துவேனிய மொழியின் சொல்லழுத்தம் பற்றிப் பேசியது இன்றும் 'சசூர் விதி' என்ற பெயரில் பாடத்தில் இருக்கிறது.

சரி, அச்சில் வந்தது குறைவுதான். காரணம் சோம்பலல்ல. 1894 ஜனவரியில் மெய்யேவுக்கு எழுதிய கடிதத்தில் மனம் திறந்திருக்கிறார்: மொழியைப் பற்றிப் பொதுப்புத்தியோடு பத்து வரி எழுதுவதே கடினமாக இருக்கிறது, இந்தத் துறையில் புழங்கும் கலைச்சொற்களில் ஒன்றுகூட எனக்குப் பொருளுள்ளதாகப் படவில்லை, இதையெல்லாம் சீர்செய்யாமல் எதுவும் எழுதமுடியாது, இஷ்டமில்லாமலேயே இது ஒரு புத்தகத்தில் போய் முடியும் என்கிற தோரணையில் போகிறது. அந்தப் புத்தகத்தை அவர் முடிக்கவே இல்லை. அடிப்படைச் சொற்களே சரியில்லை என்று கண்ட ஒருவர், அந்தச் சொற்களிலேயே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தால் அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஆவி பேசிய சமஸ்கிருதத்தை ஆராய்ந்தார் என்பது கட்டுக்கதையா?

நடந்தது. ஜெனீவாவில் எலேன் ஸ்மித் என்ற புனைபெயரில் அறியப்பட்ட பெண், மயக்க நிலையில் தான் முற்பிறவியில் இந்திய அரசகுமாரி என்று சொல்லி ஏதோ மொழி பேசுவார். உளவியல் பேராசிரியர் தியோடோர் ஃப்ளூர்னுவா அவரை ஆராய்ந்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் தெரிந்தவர் சசூர், அதனால் அவரைக் கேட்டார்கள்.

அவர் கேலி செய்யவில்லை, நம்பவும் இல்லை. பொறுமையாகக் குறித்துக்கொண்டு, இது சமஸ்கிருதமல்ல, ஆனால் சமஸ்கிருதத்துக்கு விரோதமாகவும் எதுவும் இல்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். சமஸ்கிருதத்தில் ஃப் என்ற ஒலி கிடையாது, பிரெஞ்சில் அது சாதாரணம், அந்தப் பெண்ணின் பேச்சிலும் அது வரவில்லை என்பதைக் கவனித்தவர் அவர்தான்.

புத்தகமாக வந்த அந்தப் புகழ்பெற்ற பொது மொழியியல் வகுப்புக்குக் கூட்டம் அலைமோதியதா?

முதல் வகுப்பில் ஐந்தாறு பேர். அடுத்த இரண்டிலும் பத்துப் பன்னிரண்டு பேர். அவ்வளவுதான்.

வகுப்பு அவருக்குக் கிடைத்ததும் ஓரளவு தற்செயல்தான். பொது மொழியியல் கற்பித்த ஜோசப் வெர்தைமர் ஓய்வு பெற்றார், 1906 டிசம்பரில் அந்தப் பாடம் சசூரின் மற்ற வேலைகளோடு சேர்க்கப்பட்டது. மூன்று முறை எடுத்தார்: 1907இல், 1908-09இல், 1910-11இல். ஒவ்வொரு முறையும் வேறு வரிசை, வேறு அழுத்தம். நாம் அவரோடு சேர்த்தே நினைக்கும் குறிப்பான், குறிப்பீடு என்ற இரட்டைச் சொற்களை அவர் வகுப்பில் கொண்டுவந்தது 1911 மே மாதம், அந்த வகுப்பு ஜூலை தொடக்கத்தில் முடிந்துவிட்டது, பிறகு அவர் அந்தப் பாடம் எடுக்கவே இல்லை. 1912இல் நோய்வாய்ப்பட்டார்.

புத்தகத்தை அவர் எழுதவில்லை என்றால் அது யாருடையது?

சார்ல் பல்லி, அல்பேர் செஷஏ என்ற இரண்டு பேர் தொகுத்தது. இருவரும் சசூரிடம் வேறு பாடங்கள் படித்தவர்கள், ஆனால் பொது மொழியியல் வகுப்புகளில் உட்காரவில்லை. உட்கார்ந்த மாணவர்களின் நோட்டுகளைச் சேகரித்தார்கள், அல்பேர் ரீட்லிங்கர் என்ற மாணவர் உதவினார். சசூரின் மேசையில் தேடியபோது பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். மூன்று வெவ்வேறு பாடங்களைக் குழைத்து ஒரே புத்தகமாக்கினார்கள். மூன்றாம் வகுப்பில் சசூர் முதலில் உலக மொழிகளின் பன்மையைச் சொல்லிவிட்டுத்தான் கோட்பாட்டுக்கு வந்தார், அச்சுப் புத்தகத்தில் கோட்பாடு முன்னால் போய் மொழிகள் கடைசிக்குத் தள்ளப்பட்டன. "மொழியை மொழிக்காகவே ஆராய்வது" என்ற பொருளில் வரும் அந்த மேற்கோள் வரி, புத்தகத்தின் கடைசி வாக்கியம், எந்த மாணவர் நோட்டிலும் இல்லை.

அதற்காக அவர்களைத் திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் செய்யாவிட்டால் நமக்கு ஒன்றுமே இருந்திருக்காது. அது ஒரு தொகுப்பு என்பதை மறக்காமல் படித்தால் போதும். மற்ற மூலங்களும் பின்னால் வந்தன: 1957இல் ரோபேர் கோடெல் கையெழுத்து மூலங்களை ஆராய்ந்து வெளியிட்டார், அதற்கடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்பின் மிக நல்ல நோட்டுகள், எமில் கோன்ஸ்தாந்தேன் என்ற மாணவருடையவை, வெளிச்சத்துக்கு வந்தன. 1996இல் ஜெனீவாவில் குடும்ப வீட்டின் செடிக்கூடத்தில் சசூரின் சொந்தக் கையெழுத்துத் தாள்களே கிடைத்து, 2002இல் அச்சாயின.

இடுகுறி என்பது நன்னூலிலேயே இருக்கிறதே, இவர் புதிதாக என்ன சொன்னார்?

மிக நியாயமான கேள்வி. நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரிக்கிறது: மரம் இடுகுறி, பறவை காரணம். அதற்கும் வெகு முன்பே தொல்காப்பியம் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்தவுடன் விளங்காது என்பது அதன் பொருள், காரணமே இல்லை என்பதல்ல, இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. சசூரிடமும் காரணப்பெயருக்கு இடம் உண்டு. பத்து, எட்டு இரண்டும் இடுகுறி, பதினெட்டு அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு காரணம் உடையது. பிரெஞ்சு எண்களை வைத்து இதே உதாரணத்தை அவரும் தருகிறார்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? இடுகுறி என்பதை நாம் பொதுவாக இப்படி எடுத்துக்கொள்கிறோம்: பொருள் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, அதற்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு மட்டும் நம் இஷ்டம். சசூர் இதை மறுக்கிறார். பொருளை எங்கே வெட்டிப் பிரிப்பது என்பதும் மொழிக்கு மொழி இடுகுறிதான். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு உண்டு, பிரெஞ்சில் 'நூ' ஒன்றே. நாங்கள் என்று சொன்னால் கேட்பவர் அதில் சேரமாட்டார், இது எதனால்? பக்கத்தில் நாம் என்ற சொல் நிற்பதால். 'நூ'வுக்கு அப்படி ஒரு அண்டைச் சொல் இல்லை, அதனால் அதன் எல்லை வேறு. இதைத்தான் அவர் 'மதிப்பு' என்றார், மொழியில் இருப்பவை வேறுபாடுகள்தான் என்ற புகழ்பெற்ற கூற்றின் அடியிலும் இது இருக்கிறது. மறைந்த ஒலியைப் பற்றி மேலே சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள்: எப்படிக் கேட்கும் என்று தெரியாத ஒலியை, அமைப்பில் அது நிற்கும் இடத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடித்த அதே மூளைதான் இங்கேயும் வேலை செய்கிறது. 21 வயது சசூரும் 53 வயது சசூரும் வேறு வேறு ஆட்கள் அல்ல.

வரலாற்று மொழியியல் வீண் என்று சொன்னாரா?

ஒருபோதும் இல்லை, அவர் பிழைப்பே அதுதான். ஒருகால நிலையையும் காலவழி மாற்றத்தையும் ஒரே ஆராய்ச்சியில் குழப்பாதீர்கள் என்றார். சதுரங்க உவமை அவருடையது: ஆட்டத்தின் நடுவில் வந்து பார்ப்பவருக்கு, இதுவரை யார் எந்தக் காயை நகர்த்தினார் என்று தெரியாமலேயே இப்போதைய நிலை முழுதாக விளங்கும். நகர்த்தல்களின் வரலாறு தனி ஆராய்ச்சி, அதுவும் வேண்டியதுதான்.

கவிதைகளில் ஒளிந்த பெயர்களைத் தேடினார் என்கிறார்களே?

1906 முதல் 1909 வரை, ஏறத்தாழ நூறு நோட்டுப் புத்தகங்கள். பழைய லத்தீன் கவிதைகளில் தெய்வப் பெயரோ தலைவன் பெயரோ அசை அசையாகச் சிதறி வைக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தேடத் தேட எல்லா இடத்திலும் கிடைத்தது, அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. கவிஞர் தெரிந்து செய்ததா, எழுத்துகளின் தற்செயலா? 1909இல், லத்தீனில் கவிதை எழுதிவந்த இத்தாலியக் கவிஞர் பாஸ்கோலிக்கே கடிதம் எழுதிக் கேட்டார். இரண்டாம் கடிதத்துக்குப் பதில் வரவில்லை, ஆராய்ச்சியை அத்துடன் நிறுத்திவிட்டார். ஒரு வரிகூட வெளியிடவில்லை, 1964இல்தான் இலக்கிய விமர்சகர் ஸ்தாரோபின்ஸ்கி அவற்றிலிருந்து பகுதிகளை அச்சிட்டார். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. மூன்று வருட உழைப்பை, நிரூபணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெட்டியில் போட்டு மூடியவரை நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

தொகுப்புப் புத்தகத்திலிருந்துதான், ஆனால் முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். முதல் பகுதியில் குறியின் இயல்பு பற்றிய அத்தியாயம், உடனே தாவி இரண்டாம் பகுதியில் மதிப்பு பற்றிய அத்தியாயம், இந்த இரண்டையும் இரண்டு முறை படியுங்கள். அப்புறம் கோன்ஸ்தாந்தேன் நோட்டுகளில் மூன்றாம் வகுப்பு. ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு 1959இல் வந்த வேட் பாஸ்கின் மொழிபெயர்ப்பும் 1983இல் வந்த ராய் ஹாரிஸ் மொழிபெயர்ப்பும் உண்டு, இரண்டிலும் கலைச்சொற்கள் வேறுபடும், அதனால் ஒன்றை எடுத்தால் அதிலேயே நில்லுங்கள். உயிரெழுத்து ஆய்வை, சமஸ்கிருத வேர்கள் கொஞ்சம் பழகிய பிறகு எடுங்கள். ஸ்தானம், ஸ்திதி தெரிந்தவர்களுக்கு அதன் முதல் படி ஏற்கெனவே ஏறியாகிவிட்டது.